லிஃப்ட்காரருக்கு டீ கூடாது

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபோதே மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதி சொல்கிறவர்கள் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

"ரத்தம் ஏறவே இல்லையேம்மா. போன தடவை இருந்ததுக்கு ஒரு பொட்டு ஏறல. மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?"

"நானே கையால எடுத்துக் குடுக்கறேன் டாக்டர். முழுங்கற வரைக்கும் பக்கத்துல நின்னு பார்க்கறேன்."

"சாப்பாடு?"

"கீரை, ஈரல், பேரீச்சம்பழம், நீங்க சொன்னது அத்தனையும்."

"டீ?"

"நீங்க வேணாம்னு சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு. அவர் கண்ணுலகூட காட்டறதில்ல."

சக்கர நாற்காலியில் இருந்த லிஃப்ட்காரர், சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மருமகளுக்கு மாமனார். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக இறங்கினவர், சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். ஏற்கெனவே தேய்ந்திருந்த இடுப்பு மூட்டு அதோடு கைவிட்டுவிட்டது. வாக்கரைப் பிடித்து நாலடி வைத்தால் முகம் வெளுத்துப்போகும். புது மூட்டு வைத்தால் பழையபடி நடக்கலாம் என்றார்கள். ஆனால் கத்தி வைக்கிற அளவுக்கு உடம்பில் ரத்தம் இல்லை. ரத்தம் ஏறுவதற்காக மூன்று வேளையும் இரும்புச்சத்து மாத்திரை.

"டீ குடிச்சா அந்த இரும்பு உடம்புல ஒட்டாது. மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரிதான்" என்று டாக்டரம்மா இன்னொரு தரம் விளக்கினார். "மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இருக்கணும். இவருக்கு மூணு வேளை மாத்திரை, மூணு வேளை சாப்பாடு. இடைவெளி எங்க இருக்கு? அதனாலதான் டீயே வேணாம்னேன். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் ஏறலேன்னா நான் ஆபரேஷனுக்குத் தேதி குடுக்க மாட்டேன். அதுக்கு மேல மூட்டு இறுகிடும். அப்புறம் படுக்கைதான்."

படுக்கைதான் என்று டாக்டரம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தப் படுக்கையை உதறிப் போடுகிறவள் மருமகள். காலையில் தூக்கி உட்கார வைப்பதும், கழிப்பறைக்கு அழைத்துப் போய் வெளியே காத்து நிற்பதும், திரும்பக் கொண்டுவந்து காலை மெல்ல எடுத்துக் கட்டிலில் வைப்பதும் அவள்தான். திரைச்சீலை தைக்கிற கடையில் துணி வெட்டும் மேசை அவளுடையது. மாமனார் விழுந்ததிலிருந்து அரை நாள்தான் போகிறாள். முதலாளி நல்ல மாதிரி. இடத்தை இன்னும் வைத்திருந்தார். ஆனால் அவள் வெட்டும் கத்தரிக்கோலை இப்போதெல்லாம் வேறு ஒருத்தி எடுத்துப் புழங்குகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாடகைக் காரில் வீடு வந்து சேர்ந்தார்கள். அவள் இறக்கும்போது, "மெதுவாம்மா" என்றார் அவர்.

"மெதுவாக்கூட ஏற மாட்டேங்குதே ரத்தம்" என்றாள் அவள்.

அந்த வீட்டைப் பற்றி இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மளிகைச் சாமான் டப்பாக்களைவிட அங்கே டீ டப்பாக்கள் அதிகம். மருமகளின் கணவன் டவுன் பஸ் டிரைவர். அவனுக்கு இஞ்சியைத் தட்டிப்போட்டு, பாலும் தூளுமாகச் செங்கல் நிறம் வரும்வரை கொதிக்க வேண்டும். உதட்டில் ஒட்ட வேண்டும். கல்லூரியில் படிக்கிற மகளை வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். குருவிக்குப் பச்சைத் தேயிலை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் இலையைப் போடுவாள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசந்துபோகும் என்று மற்றவர்களுக்கு வகுப்பு வேறு எடுப்பாள். டிரைவரின் தங்கை, அதாவது மருமகளுக்கு நாத்தனார், அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை. பால் சேர்ந்தால் அவளுக்கு நெஞ்சைக் கரிக்கும், அதனால் பாலில்லாமல் எலுமிச்சை பிழிந்த டீ. இறக்கின பிறகுதான் பிழிய வேண்டும், அப்போதுதான் நிறம் தேன் மாதிரி தெளியும். மருமகளுக்குக் கடைக்குப் பக்கத்தில் விற்கிற மூலிகைப் பொட்டலம். வெந்நீரில் போட்டு மூடி வைத்துத் திறந்தால் அந்த வாசனையிலேயே பாதித் தலைவலி போய்விடும். லிஃப்ட்காரருக்கு மட்டும் எந்தப் பாகுபாடும் கிடையாது. எந்த டீயானாலும் முதல் வாயை நாக்கில் நிறுத்திக் கண்ணை மூடுவார். அந்த முகத்தைப் பார்த்தால் போட்டுக் கொடுத்தவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

டாக்டரம்மா தடை போட்ட பிறகு அவர் எதிரே யாரும் டம்ளரோடு உட்காருவதில்லை என்று வீட்டில் ஏற்பாடு. மருமகள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அன்று சாயங்காலம் டிரைவர் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு பொட்டு ஏறலையாம். நான் இங்க எதுக்கு நாயா அலையறேன்? ஈரல் வாங்க ஒரு கடை, கீரைக்கு ஒரு கடை. எனக்கு ஈரல் வாசனையே ஆகாது. மூக்கைப் பொத்திக்கிட்டு வதக்கறேன். எங்க போகுது அவ்வளவும்?"

"சரி விடு, அடுத்த தடவை ஏறும்" என்றான் டிரைவர். சொல்லிவிட்டுக் காதைச் சொறிந்தான்.

பஸ்ஸில் எவனாவது டிக்கெட் எடுக்காமல் நின்றால் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். அவன் காதைச் சொறிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்.

"ஏங்க, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"அவருக்கு டீ குடுத்தீங்களா?"

"முழு டம்ளர் இல்ல" என்றான் அவன். "விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பறேன். நீ அசந்து தூங்கறே. அப்பா முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். நான் மட்டும் உறிஞ்சினா நல்லாவா இருக்கு? கால் டம்ளர். கால்கூட இருக்காது."

"தினமுமா?"

"லீவு நாள்ல கிடையாது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையை இறக்குவதற்குள் வாசலில் நாத்தனார் செருப்பை விட்டாள். ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது அவள் வழக்கம். தோளில் பை, கையில் சின்ன பிளாஸ்க்.

"டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணி?"

"பிளாஸ்க்ல என்ன?"

"வெந்நீர்."

மருமகள் பிளாஸ்க்கை வாங்கித் திருகினாள். எலுமிச்சை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கையும் களவுமாக மாட்டினவள் என்ன செய்வாள்? நாத்தனார் சண்டைக்கு வந்தாள்.

"இதுல பால் இல்லையே அண்ணி! பால் சேர்ந்தாத்தான் ரத்தம் ஏறாது. வெறும் டீ ஒண்ணும் பண்ணாது."

"எந்த டாக்டர் சொன்னாங்க?"

"அப்பாதான் சொன்னார்."

"உங்கப்பா லிஃப்ட் டாக்டர்!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து குருவி வந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே, "அத்தை, லெமன் டீயும் டீதான். அதுலயும் அதே தூள்தானே? உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள்.

"நீ ஒருத்தியாவது புத்தியோட இருக்கியே" என்றாள் மருமகள்.

"நான் குடுக்கற க்ரீன் டீ உடம்புக்கு எவ்வளவு நல்லது தெரியுமா? அதைப் போய் யாராவது..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மருமகள் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"ராத்திரி படிக்கறப்ப போடுவேன்" என்றாள் குருவி சன்னமாக. "தாத்தா கேட்டார். நான் போடற மாதிரி இந்த வீட்டுல யாருக்கும் வராதுன்னு சொன்னார்."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னார்" என்றாள் நாத்தனார்.

"அடப்பாவமே" என்றான் டிரைவர். "நான் போடறதுலதான் மணம் குணம் எல்லாம் இருக்குன்னாரே என்கிட்ட."

மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். டீ கொடுத்தது தப்பு என்பதைவிட, பாராட்டைப் பங்கு போட வேண்டிவந்ததுதான் அவர்களுக்குச் சுருக்கென்றிருந்தது. மருமகளுக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சே தடுமாறியது.

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஆளுக்கொரு வேளை! நான் மாத்திரையை வாயில போடறேன், நீங்க பின்னாலயே வந்து கழுவி விடறீங்க. இதுக்கு நான் எதுக்கு? பேசாம அந்த மாத்திரையையும் நீங்களே குடுத்துக்கிட்டு..."

"ஏன் அண்ணி, மத்தியானம் நீ அந்த மூலிகைத் தண்ணி குடுக்கறே இல்ல?" என்றாள் நாத்தனார்.

"அது மூலிகை! டீ கேட்டுக் கேட்டு ஏங்கிப் போறாரேன்னு அதுக்குப் பதிலா நான் குடுக்கறது."

"கொண்டா பார்க்கலாம்."

பொட்டலத்தைத் தட்டில் கொட்டினார்கள். காய்ந்த துளசி, சுக்குத் துண்டு, ஏதோ ஒரு பூவின் இதழ்கள். அவற்றோடு சுருண்டு கறுத்த இலைகள், ஒரு கைப்பிடி தேறும். குருவி அந்த இலைகளை மட்டும் பொறுக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். நாலு தலைகள் டம்ளரின் மேல் கவிழ்ந்தன. இலை மெல்லப் பிரிந்தது. தண்ணீர் பழுப்பாகி, சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல டீயாக நின்றது.

"இது டீதாம்மா" என்றாள் குருவி.

டிரைவர் சிரித்துவிட்டான். சிரிக்கிற நேரமா அது? மருமகள் தட்டை எடுத்த எடுப்பில் அவன் வாசலுக்கே போய் நின்றுகொண்டான். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதா கத்துவதா என்று தெரியாமல் அடுப்பங்கரைக்குள் போய் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

இவ்வளவுக்கும் கூடத்துக் கட்டிலில் லிஃப்ட்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் குறட்டை விட்டு அவள் கேட்டதில்லை.

"மாமா."

குறட்டை நின்றது. "ஏம்மா, மாத்திரை நேரமா?"

"உங்களுக்கு எந்த டீ மாமா பிடிக்கும்? எல்லாருக்கும் இன்னைக்குத் தெரிஞ்சாகணுமாம்."

குறட்டை மறுபடி ஆரம்பித்தது.

அன்றைக்கே அவள் எல்லா டப்பாக்களையும் பழைய சூட்கேசில் போட்டுப் பூட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். மாமனாருக்கு ஆபரேஷன் நடக்கும்வரை அந்த வீட்டில் யாருக்கும் டீ கிடையாது. தனக்கும்தான். சாவி அவள் தாலிக்கொடி இருக்கிற இடத்துக்குப் போய்விட்டது, கேட்க யாருக்கும் தைரியமில்லை.

டீ இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அந்தக் குடும்பத்துக்கு அதற்கு முன் தெரியாது. குருவி புத்தகத்தைத் திறந்ததும் கொட்டாவி விட்டாள். டிரைவர் டெப்போவில் குடித்துவிட்டு, வீட்டுக்குள் நுழையுமுன் தெருக்குழாயில் வாய் கொப்பளித்தான். நாத்தனார் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வெறும் கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. ஈரத் துணி காயாமல், ஜன்னலைத் திறக்க முடியாமல், சூடாகக் குடிக்க ஒன்றும் இல்லாமல் ஆளுக்கு ஆள் எரிந்து விழுந்தார்கள். மருமகளுக்கு மத்தியானமானால் மண்டையைப் பிளக்கும். அந்த வலியோடு திரைச்சீலைத் துணியில் கோடு போட்டு வெட்டுவாள். ஒருநாள் ஒரு ஜன்னலுக்கானதைப் பாதிகூட மறைக்காத அளவு குட்டையாக வெட்டிவிட்டு, முதலாளி ஒன்றும் சொல்லாமல் போனதில் இன்னும் வெட்கப்பட்டாள்.

லிஃப்ட்காரர் மட்டும் டீ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுத்த மாத்திரையை விழுங்கினார். அதுதான் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். தலைவலியில் உறுத்தவில்லை.

ஒருநாள் கடையில் கரண்ட் போய்விட்டது. சீக்கிரமே வீட்டுக்கு வந்தவள் கதவைத் திறந்ததும் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் ஆள் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருக்கிற அவருடைய பழைய கருவிப் பை வெளியே இழுபட்டு, ஸ்பேனரும் திருப்புளியுமாகத் தரையில் சிதறிக் கிடந்தது. அடுப்பங்கரையில் வெளிச்சம்.

வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆகாத காலைத் தூக்கி ஒற்றைக் காலில் நின்று லிஃப்ட்காரர் பாத்திரத்திலிருந்து டம்ளருக்கு டீயை வடிகட்டிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. வேலைக்குப் போகிற காலத்தில் பையில் சுற்றி வைத்த தூளாக இருக்க வேண்டும். அடுப்பு இன்னும் அணைக்கப்படவில்லை. அவர் சட்டை நுனி அதற்கு வெகு பக்கத்தில் ஆடியது. அவள் வந்ததைப் பார்த்ததும் அவசரமாக ஒரு வாய் உறிஞ்சினார், சூடு தாங்காமல் முகத்தைச் சுளித்தார்.

அவளுக்கு ரத்தம் எல்லாம் தலைக்கு ஏறியது. அடுப்பை அணைத்து, டம்ளரைப் பிடுங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு அவரைக் கக்கத்தில் கைகொடுத்து உட்கார வைத்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கும் வாங்கியது.

"விழுந்திருந்தா? சட்டை பத்தியிருந்தா? ஒரு டீக்காகவா மாமா? அது இல்லாட்டி உசுரா போயிடும்?"

"டீக்காக இல்லம்மா."

"பின்ன என்ன இது? கஷாயமா?"

"ஏறக்கூடாதுன்னுதான்."

"எது?"

"ரத்தம்" என்றார் லிஃப்ட்காரர்.

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்த்துக்கிட்டவன்" என்றார் அவர். "ஆபரேஷன் மாடிக்கு முன்பக்க லிஃப்ட்லதான் கூட்டிட்டுப் போவாங்க. பொழைச்சவங்க அதுலயே கீழ வருவாங்க. பொழைக்காதவங்களைப் பின்பக்க லிஃப்ட்ல இறக்கிடுவாங்க. சனங்க பார்க்கக்கூடாதில்ல."

"சரி."

"உங்க அத்தைக்கு வயித்துல ஆபரேஷன். உனக்குக் கல்யாணமாகறதுக்கு முன்ன. அன்னைக்குக் காலைல நான் முதல் ஆளாப் போய் லிஃப்டை ரெண்டு தடவை ஏத்தி இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம்கூட ஆடக்கூடாது, அவளுக்கு வலிக்கும்னு. நானே பட்டனை அமுக்கினேன். உங்க லிஃப்ட்ல ஏத்திக்க இப்பத்தான் மனசு வந்துச்சான்னு கேட்டுச் சிரிச்சா." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் கீழ முன்பக்கக் கதவுகிட்டயே நின்னுக்கிட்டிருந்தேன். யாரும் வந்து ஒண்ணும் சொல்லல. பின்பக்க மோட்டார் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு மோட்டாருக்கும் சத்தம் வேற வேற. என் காதுக்குத் தெரியாதா?"

மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மருமகளுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. வந்த பரிதாபத்தைத் தள்ளிக்கொண்டு ஆத்திரமும் கூடவே வந்தது.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன மாமா? பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை! வீட்டுல இருக்கறவங்க அத்தனை பேரையும் திருடங்களாக்கிட்டீங்க. என்னையும் சேர்த்து."

"பையன்கிட்ட எப்படிச் சொல்றது? பேத்தி என்ன நினைக்கும்? நான் குழிக்குள்ள இறங்கறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்க."

"என்கிட்டச் சொல்றது!"

"உன்கிட்டதான் பயமே."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"இங்க பாருங்க. ஆபரேஷன் வேணாம்னா வாயைத் திறந்து வேணாம்னு சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட நானே போய்ச் சொல்றேன். இந்தச் சூட்கேசை இறக்கறேன், எந்த டீ எத்தனை டம்ளர் வேணுமோ போட்டுத் தரேன். கடைசி வரைக்கும் தூக்கறேன், கழுவி விடறேன். புலம்பிக்கிட்டேதான் செய்வேன், ஆனா செய்வேன். அடுத்த மாசம் நடந்துடுவார், அடுத்த மாசம் நடந்துடுவார்னு நான் நாளை ஓட்டறேன் பாருங்க, அந்த நம்பிக்கையைக் குடுத்து ஏமாத்தாதீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

லிஃப்ட்காரர் மேடையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. நல்ல நிறம், நல்ல வாசனை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் எழுந்து அதை எடுத்து அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். அவர் தொடவில்லை.

"நீ கூட வருவியா?" என்றார்.

"வராம?"

"மேல உள்ள விடமாட்டாங்க."

"படியேறி வந்து வாசல்ல நிக்கறேன்."

"கீழ முன்பக்கம்..."

"அங்க உங்க பையனை நிறுத்தறேன். பின்பக்க லிஃப்ட்கிட்ட உங்க பொண்ணு. படிக்கட்டுல குருவி. ஆஸ்பத்திரியில இருக்கற எல்லாக் கதவுக்கும் ஆள் போடறேன் மாமா, போதுமா? இன்னும் ஆள் வேணும்னா எங்க கடையில இருந்து கூட்டிட்டு வரேன்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது இடுப்பு வலித்து, வலியிலும் சிரித்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"மத்தியான மாத்திரையைக் குடு."

அவள் மாத்திரையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். அவர் வாய்க்குக் கொண்டு போகும்போது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரே ஒரு வாய்."

"அந்த ஒரு வாய்க்கு ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"ரெண்டு மணி நேரமா!"

"நான் குடிக்கச் சொன்னேனா?"

அவள் டம்ளரிலிருந்த டீயைத் தொட்டியில் கொட்டினாள். கொட்டும்போது அவளுக்கே வயிறு எரிந்தது. பொட்டலத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள், சிதறிக் கிடந்த கருவிகளை எடுத்துப் பையில் அடுக்கினாள், பாத்திரத்தைத் தேய்த்தாள். அவர் மாத்திரையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிடுச்சா?" என்றார்.

"பத்து நிமிஷம்கூட ஆகல."

அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு காய் முடியவில்லை.

"இப்ப?"

"மாமா, என்னைக் கொல்லாதீங்க!"

அவர் மாத்திரையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு நாற்காலியைக் கடிகாரத்துக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தித் தரச் சொன்னார்.